கழுவிய காசுகள்

கும்மிடிப்பூண்டி,
செவ்வாய்க்கிழமை.

என் அன்பு மகள் நர்மதாவுக்கு,

நைனா எழுதுவது. எல்லாரும் சுகம் என்றுதான் தொடங்க நினைத்தேன். முதல் வரியிலேயே பொய் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் உன் அம்மா என்னோடு பேசி ஒன்பது நாள் ஆகிறது. சோறு போடுகிறாள், குழம்பு ஊற்றுகிறாள், எல்லாம் தட்டைப் பார்த்துத்தான். என் முகத்தைப் பார்ப்பதில்லை.

தினமும் வீடியோ காலில் வருகிற மனுஷன் எதற்குக் காகிதத்தை எடுத்தான் என்று நீ யோசிப்பாய். போனில் சொல்ல மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் "சாப்ட்டியா பாப்பா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஷைனி லீவு முடிந்து வியாழக்கிழமை மஸ்கட் திரும்புகிறாள். உன்னோடு வேலை செய்கிற பெண். அவள் கையில் கொடுத்துவிட்டால் பிறகு நானே நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

இங்கே நான்கு நாளாக மழை. சர்வீஸ் ரோடு முழுக்கத் தண்ணீர், லாரிகள் தெப்பம் விடுகின்றன. எனக்குக் காலை ஷிப்ட். அம்மாவுக்கு ஸ்கிராப் யார்டில் புது கையுறை கொடுத்திருக்கிறார்கள், பழசை விட மோசமாம். இதை அவள் பக்கத்து வீட்டு மணியம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

சுற்றிச் சுற்றி வருகிறேன், பார்த்தாயா. உன் காசு விஷயத்துக்கு வருகிறேன். போன மாசம் திருவள்ளூரில் உங்கள் நாணயச் சங்கம் வைத்த கண்காட்சி ஜோராக நடந்தது என்று உனக்குச் சொன்னேன். அப்படி நடக்கவில்லை. கெடுத்தவன் நான்.

புறப்படும்போது நீ ஆல்பத்தையும் நோட்டையும் பீரோவில் வைத்துவிட்டு, "நைனா, வெறுங்கையால தொடாத. ஓரத்தப் புடிச்சி எடு. மத்தபடி அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்று சொன்னாய். சங்கத்து ஆதிநாராயணன் ஐயா போன் போட்டு, "ஒரு மேஜை ஃபுல்லா நர்மதா காசுதான், எடுத்துக்கினு வா தேசப்பா" என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆல்பத்தைத் திறந்தால் செப்புக் காசு இருபத்துமூன்றும் கன்னங்கரேலென்று கிடந்தன. பெரிய மனுஷர்கள் வருகிற இடத்தில் என் மகள் காசு இப்படி அழுக்காகவா இருப்பது என்று நினைத்தேன்.

முப்பத்தோரு வருஷமாக முலாம் பட்டறையில் ஆசிட் தொட்டிப் பக்கத்தில் நிற்கிறவன் நான். எவ்வளவு துருவோடு வந்தாலும் என் கையை விட்டுப் போகும்போது முகம் பார்க்கலாம். உன் நைனாவுக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. உன் காசுக்கும் அதைச் செய்ய ஆசைப்பட்டேன். டிபன் பாக்ஸில் போட்டுக் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் ஆசிட்டில் ஒரு முக்கு, தண்ணீரில் ஒரு அலசல், பாலிஷ் சக்கரத்தில் ஒரு பிடி. இருபத்துமூன்றும் புதுக் குத்துவிளக்கு மாதிரி மின்னின. பக்கத்து மெஷின் அன்புராஜைக் கூப்பிட்டுக் காட்டி வேறு பீற்றிக்கொண்டேன்.

மேஜைக்கு முதலில் வந்தது ஜெபா. பத்து ரூபாய்க் காசைக் கடைக்காரர்கள் வாங்கமாட்டேன் என்றபோது, அப்படியானால் அதெல்லாம் எனக்கு என்று சேர்க்க ஆரம்பித்ததே, உன் செல்லப் பிள்ளை, அதுதான். குனிந்து பார்த்துவிட்டு, "அங்கிள், இதெல்லாம் டூப்ளிகேட்டா?" என்று கேட்டது. நான் சிரித்தேன். பிறகு ஐயா லென்ஸோடு வந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவர், தராசுப் படம் போட்ட அந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் கால் அணாவில் நின்றுவிட்டார். உன் முதல் சம்பளத்தில் நீ வாங்கியது. தராசில் ஒரு தட்டு போயே போச்சு. நடுவில் எழுத்து இருந்த இடத்தில் என் மூக்குதான் தெரிந்தது. "தோல உரிச்சிட்டாங்களே, யாரு இத தேச்சது?" என்று கேட்டார்.

நர்மதாதான், ஊருக்குப் போவதற்கு முன்னால் தேய்த்து வைத்தாள் என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமலே வந்ததுதான் இன்னும் கேவலம். அத்தனை பேர் எதிரில் ஒன்றும் தெரியாதவன் என்று பேர் வாங்க எனக்கு மனசில்லை, அதற்கு உன் பேரைக் கொடுத்தேன். ஜெபா விடவில்லை. "இல்ல அங்கிள், அக்காதான் காச கழுவவே கூடாதுன்னு எனக்குச் சொல்லிக்குடுத்தாங்க" என்றது. அதற்கும் பதில் வைத்திருந்தேன். அது சின்னப் பிள்ளைகளுக்குச் சொன்னது என்றேன். ஐயா லென்ஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

ஐயா ஏன் உன் போனை எடுப்பதில்லை என்று நீ இரண்டு தடவை கேட்டாய். அவர் வீட்டுப் பக்கம் டவர் இல்லை என்றேன். டவர் இருக்கிறது நர்மதா.

சும்மா இருந்தால் இது அப்படியே அமுங்கிவிடும் என்றுதான் இருந்தேன். கண்காட்சியில் விட்டுவந்த உன் மீதிக் காசுகளைக் கொண்டுவர மறுபடி சங்கத்துக்குப் போனபோது ஜெபா ஒரு காசை நீட்டியது. நீ புறப்படும்போது அதற்குக் கொடுத்துவிட்டுப் போன ராஜா தலைச் செப்புக் காசு. புளியும் உப்பும் போட்டு இரண்டு நாள் தேய்த்ததாம். ராஜாவுக்கு மூக்கும் இல்லை, தாடியும் இல்லை. "அக்காவே கழுவனாங்கன்னா கழுவலாம்தான அங்கிள், நல்லாகீதா?" என்று என்னிடமே கேட்டது. ஒரு பிள்ளை நல்லா இருக்கிறதா என்று கேட்டு என் கண்ணைப் பார்க்கிறது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கழுவியவன் நான், அக்கா இல்லை, அக்காவுக்கு இது தெரியவே தெரியாது என்று அங்கேயே எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டேன்.

ஐயா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "எங்களாண்ட சொல்லிட்ட, சரி. பொண்ணாண்ட சொன்னியா?" என்று மட்டும் கேட்டார். இதைச் சரிபண்ண மருந்து ஏதாவது உண்டா என்றேன். "இன்னும் ஏதாவது பண்றேன்னு கெளம்பாத. சும்மா உடு, தானா கறுக்கும். நம்ம காலத்துல ஆவாது" என்றார். உலோகத்தைத் தொடாமல் சும்மா இருப்பது எனக்குத் தெரியாத வேலை. கற்றுக்கொள்ளப் பார்க்கிறேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "எம் பொண்ணு பேரயா குடுத்துட்டு வந்த?" என்றாள். என்னிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான். பீரோ சாவியும் இப்போது அவள் முந்தானையில். உன் நோட்டை மட்டும் என் முன்னால் போட்டுவிட்டுப் போனாள். அதை நான் இதுவரை பிரித்துப் படித்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த இருபத்துமூன்றில் பதினொன்றுக்குப் பக்கத்தில் "அம்மா எடுத்தது" என்று எழுதியிருக்கிறாய். வெளிநாட்டில் நொறுக்கிய காரெல்லாம் ஸ்கிராப்பாக வரும்போது, சீட்டுக்கு அடியில் எவனோ தொலைத்த காசு அம்மா கையில் சிக்கும். அப்படி வந்த முதல் காசை நீ ஒன்பது வயசில் காகிதத்துக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படம் எடுத்தாய். அந்தப் படம் நோட்டின் முதல் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. காசில் இப்போது அந்தப் படம் இல்லை.

அறுபது வயசில் ரிடையர் ஆன அன்று அனல்மின் நிலையத்தில் கொடுத்த வெள்ளிக் காசை விற்கப் போன இடத்தில், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க நின்றவராம் ஐயா. அப்படித்தான் காசு சேர்க்க வந்தார் அவர். நீ அம்மா கை வழியாக வந்தாய். ஜெபா, யாருக்கும் வேண்டாத பத்து ரூபாயோடு வந்தது. நான் ஐம்பத்தாறில் வந்திருக்கிறேன். அன்றைக்குக் கிளம்பும்போது ஜெபா அந்த மூக்கில்லாத ராஜாவை என் உள்ளங்கையில் வைத்து, "நீங்களே வெச்சிக்கோங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. என்னுடையது என்று சொல்ல எனக்கு இருப்பது அந்த ஒரு காசுதான். சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். கம்பெனிக்குப் போனால் தொட்டிப் பக்கம் போகும் முன் எடுத்து லாக்கரில் வைக்கிறேன்.

நீ பொங்கலுக்கு வரும்போது நேராக வீட்டுக்கு வராதே. முதலில் ஜெபா வீட்டுக்குப் போ. நீ கழுவவில்லை என்று உன் வாயால் சொல்லு. நான் சொன்னதை அது நம்பியதா என்று தெரியவில்லை, பொய் சொன்ன வாய்தானே. ஐயாவையும் பார். பிறகு இங்கே வா. வந்து என்ன வேண்டுமானாலும் கேள், எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. வாசலில் நின்று "சாப்ட்டியா நைனா" என்று மட்டும் கேட்டுவிடாதே. அதை என்னால் தாங்க முடியாது.

கடல் தாண்டி இருக்கிற என் பிள்ளையைப் பெரியபாளையத்தம்மா ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். உன் பேரையும் அவளே காப்பாற்றட்டும். என்னிடம் விட்டுவிட்டுப் போனாய், நான் காப்பாற்றவில்லை.

தலை குனிந்து,
உன் நைனா
தேசப்பன்