ஆளுக்குப் பாதி கார்

சகலை,

இன்று காலை நம் காரைத் திறந்தேன். வெயிலில் வெந்த சீட் உறையும் நீ வைத்துவிட்டுப் போன சாம்பிராணியும் சேர்ந்து ஒரு நாற்றம் அடித்தது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி செத்துவிட்டது. செத்து ஆறு மாதமாகியும் என்னிடம் திட்டு வாங்கும் ஒரே மனுஷன் நீதான். இன்றைக்கும் வாங்கினாய்.

மெக்கானிக் வந்து பார்த்தான். "பேட்டரி புதுசுதான் போடணும்ண்ணே. முன்னாடி டயரு ரெண்டும் வழவழன்னு இருக்குது, அதையும் மாத்திடுங்க" என்றான்.

"என் தலையும்தான் வழவழன்னு இருக்குது. எவன் மாத்திக் குடுத்தான்?" என்றேன். சிரித்தான். காசை மட்டும் குறைக்கவில்லை.

அக்காளைக் கட்டிய நான் திண்டிவனத்தில், தங்கச்சியைக் கட்டிய நீ விழுப்புரத்தில். இரண்டு குடும்பமும் மழையில் நனைந்துகொண்டு மயிலம் கோயிலில் போய் இறங்கிய அன்றைக்குத்தான் ஆரம்பித்தாய். "ஆளுக்குப் பாதி போட்டா ஒரு பழைய காரு வாங்கிடலாம் சகலை. ஒரு வாரம் உனக்கு, ஒரு வாரம் எனக்கு." நீ பத்தாவது படித்தவன், நான் நாலாவதோடு நின்றவன். நம்பிவிட்டேன். வாங்குகிற விலையை மட்டும்தான் சொன்னாய். அதற்கப்புறம் அது மாசா மாசம் வாயைத் திறக்கும் என்று சொன்னாயா, பாவி? யானையை வாங்கியிருந்தாலும் கோயில் வாசலில் நிறுத்தி நாலு காசு பார்த்திருக்கலாம். இது ஓடினாலும் தின்றது, நின்றாலும் தின்றது.

"இரும்பு உன் பொறுப்பு, காயிதம் என் பொறுப்பு" என்று பங்கு பிரித்தாய். கிளட்ச், பிரேக், டயர் எல்லாம் என் தலையில். இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட் உன்னிடம். ஞாயிற்றுக்கிழமை பாதி வழியில் கூட்டேரிப்பட்டில் சாவி மாற்றிக்கொள்வோம். அங்கேயும் உன் புத்தியைக் காட்டுவாய். டேங்கைத் துடைத்துவிட்டுத்தான் கொண்டு வருவாய்.

"என்னா சகலை, முள்ளு கீழ படுத்துக்கினு கெடக்குது?"

"பாவம், அசதியா இருக்குது. நீ கொஞ்சம் ஊத்தி எழுப்பு."

நானும் யோக்கியன் இல்லை. அடுத்த ஞாயிறு தள்ளிக்கொண்டு வந்துதான் உன் கையில் கொடுத்தேன்.

என் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான் என்று பேச்சானது. பந்தக்கால் நட்ட அன்று சொந்தக்காரர்கள் நடுவில் நான் கேட்டேன்: "சகலை, இது காரா, சொறி புடிச்ச நாயா? சம்பந்தி பாத்தாருன்னா மாப்ளைய எறக்கி நடக்க வெச்சிடுவாரு." எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அழைப்பு அன்று கார் புதுப் பெயிண்டில் கண்ணாடி மாதிரி வந்து நின்றது. "காசு ஏதுடா?" என்றேன். கண்ணடித்தாய். சம்பந்தியிடம் என் கார் என்றே பீற்றிக்கொண்டேன். உன் பாதியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அடுத்த மாதம், என் முறை. மயிலம் திருப்பத்தில் பார்க்காமல் வண்டியைத் திருப்பி, மல்லாக்கொட்டை மூட்டையோடு மொபெட்டில் வந்தவரைத் தட்டிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். அவருக்குக் கால் முறிந்துபோனது. ஸ்டேஷனில் இன்சூரன்ஸ் கேட்டார்கள். அது முடிந்து ஒரு மாதமாகியிருந்தது. அவர் ஆபரேஷனுக்கு என் பெண்டாட்டி கழுத்துச் சங்கிலி போனது. விழுப்புரம் வந்து உன் வாசலில் நின்று தெருவே கேட்கத் திட்டினேன். நீ தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சிக்கினேன் சகலை" என்றாய். அதோடு நம் பேச்சு நின்றது. கார் என் வாசலிலேயே தங்கிவிட்டது. மூன்றாம் மாதம் டீக்கடையில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை.

இந்தச் சனியனை விற்றுத் தலைமுழுகலாம் என்று இன்று மதியம் கொழுந்தியாளுக்குப் போன் போட்டு ஆர்.சி. புத்தகம் கேட்டேன். அது உன் பெயரில் அல்லவா இருக்கிறது.

"எடுத்து வெக்கிறேன் மாமா. ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"அந்த இன்சூரன்ஸ் காசு பெயிண்டருக்குத்தான் போச்சு. பந்தக்கால் அன்னிக்கு நீங்க நாயின்னு சொன்னதுலேர்ந்து அவருக்குச் சோறே எறங்கல. சம்பந்தி முன்னால சகலை தலை குனியக் கூடாது, இன்சூரன்ஸ அடுத்த மாசம் கட்டிக்கலாம்னாரு."

"வாசல்ல நின்னு அவ்ளோ திட்டுனனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அதையும் நாலு பேர்கிட்ட சொல்லிச் சிரிப்பாருன்னாரு மாமா."

சிரித்திருப்பேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இதைக் கேட்டு மனம் இறங்கிவிட்டேன் என்று நினைக்காதே. இன்சூரன்ஸ் காசில் பெயிண்டு அடிக்கிறவனுக்கு என்ன பெயர்? கிண்டல் குத்துகிறது என்றால் எதற்கு என்னிடம் பல்லைக் காட்டினாய்? "வலிக்குது சகலை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாப்பிள்ளையை நடத்தியே கூட்டிக்கொண்டு வந்திருப்பேனே, முட்டாளே.

சண்டை போட்ட பத்தாம் நாள் நீ போன் செய்தாய். "சாப்ட்டியா சகலை?" என்றாய். உனக்குத் தகுந்த ஒரு வசவைத் தேடினேன். அகப்படவில்லை. போனை வைத்துவிட்டேன். மறுநாள் அகப்பட்டது. ரொம்ப நல்ல வசவு. நேரில் பார்க்கும்போது உன் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்று பத்திரமாக வைத்திருந்தேன்.

கார் போய்விடும். அதன் பசியும் வாங்குகிறவன் தலையோடு போய்விடும். அந்த வசவுதான் இன்னும் வாயிலேயே நிற்கிறது. எத்தனையோ பேர்மேல் போட்டுப் பார்த்துவிட்டேன். உன் அளவுக்குத் தைத்தது, வேறு எவனுக்கும் சேரவில்லை.