ஒளிச்சீப்பைக் கலைத்த சிரிப்பு

அனுப்புநர்
மூன்றாம் மாடி லேசர் ஆய்வாளரின் பாட்டி (அம்மா வழி)

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
ஒளியியல் ஆய்வு நிறுவனம்.

பொருள்: என் சிரிப்பின் மீது விதித்த தடையை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் பேத்தியோ ஒளிக்கே சீப்பு செய்கிறாள். பஸ்ஸிலும் காய்கறிக் கடையிலும் எல்லாரிடமும் சொல்லி முடித்துவிட்டேன். பாக்கி இருப்பது தாங்கள்தான்.

1. அந்த லேசர் அரிசி மணியைவிடச் சின்னது. கண் சிமிட்டுவதற்குள் கோடிக்கணக்கில் ஒளித்துடிப்புகளை விடும். அத்தனையும் ஒரே தாளத்தில் வந்தால், திரையில் சீப்புப் பற்கள் மாதிரி சம இடைவெளியில் கோடுகள் நிற்கும். துளி நடுங்கினாலும் பற்கள் மங்கிவிடும். அந்த நடுக்கத்தை அடக்கத்தான் பேத்தி வருடக்கணக்கில் தன் தலையைக்கூட வாராமல் திரிகிறாள்.

2. போன வாரம் குடும்பத்தாரை உள்ளே விட்ட நாளில் நானும் போனேன். பற்கள் வரிசையாக எழுந்து நின்றன. "வந்துடுச்சு பாட்டி, பேசாம பாருங்க" என்றாள். பேசவில்லை ஐயா, சிரித்துவிட்டேன். என் சிரிப்பு கொஞ்சம் பெரிசு. பற்கள் மொத்தமும் பொலபொலவென்று கொட்டிப்போயின. மறுநாளே வாசலில் அறிவிப்பு: 'ஆய்வறைக்குள் பாட்டிகளுக்கு அனுமதி இல்லை.' ஒரு பாட்டி சிரித்ததற்கு ஊர்ப் பாட்டிகளை எல்லாம் தண்டிக்கலாமா?

3. பிறகு நடந்ததைத் தங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். என் சிரிப்பு எந்த வழியாகப் புகுந்தது என்று தேடிய பேத்தி, லேசர் பெட்டி மூடியின் ரப்பர் ஓரம் பிய்ந்து இடைவெளி விட்டிருப்பதைக் கண்டுபிடித்தாள். லிஃப்ட் ஓடும்போதெல்லாம் பற்கள் ஆடியதும் அதனால்தானாம். புது ரப்பர் போட்டாயிற்று. இப்போது கதவை அறைந்து சாத்தினாலும் அசைவதில்லையாம்.

4. வெள்ளிக்கிழமை தேர்வாளர்கள் வருகிறார்கள். அவர்கள் கண்ணெதிரே சீப்பு நின்றால்தான் அவளுக்குப் பட்டம். அதற்குள் ஒருமுறை சோதித்துவிட வேண்டும். கூட வேலை செய்கிற பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்தார்களாம். வெறும் காற்றுதான் வந்ததாம். "அன்னிக்கு மாதிரி நீங்களே வந்து சிரிச்சாதான் நம்பிக்கை வரும் பாட்டி. ஆனா கேட்ல விடமாட்டாங்களே" என்று நேற்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் கிளம்பி இங்கே வந்துவிட்டேன்.

ஆகவே, வியாழனன்று சோதனைக் கருவியாகவும் வெள்ளியன்று பாட்டியாகவும் என்னை உள்ளே அனுமதித்து ஆணையிடும்படி கேட்டுக்கொள்கிறேன். வெள்ளியன்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வேன். பட்டம் உண்டு என்று தேர்வாளர் சொல்லும் வரைதான். அதற்கு மேல் சீப்பைப் புது ரப்பர்தான் காப்பாற்ற வேண்டும்.

இடம்: தங்கள் வாசற்காவலர் அறைப் பெஞ்சு
நாள்: புதன்கிழமை (பதில் வரும்வரை இங்கேயேதான் இருப்பேன்)

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
லேசர்காரியின் பாட்டி