அம்மாவிடம் சொன்னது

மார்ச் 4, செவ்வாய்

காலையில் விரல்கள் மடங்கவில்லை. வெந்நீரில் ஊறவைத்துவிட்டுத்தான் கடைக்குக் கிளம்பினேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடுகளவு திருகாணியை இந்தக் கையால் முடுக்கவேண்டும். இன்று அதைத் தேடித் தரையில் தவழ்ந்ததுதான் மிச்சம். முதலாளி பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். நல்ல மனிதர்.

மார்ச் 7, வெள்ளி

கல்யாணமாகி எட்டு மாதம். தொடும்போதெல்லாம் அவர் வாயில் வரும் முதல் வார்த்தை, "வலிக்குதா?" நேற்று இடுப்பு வலிக்கத்தான் செய்தது. "இல்லங்க" என்றேன். முகத்தைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார். லிப்ட் மெக்கானிக். சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்கிற ஆளுக்கு என் பொய்யா தெரியாது?

எனக்கு வலியும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து யாரிடம் சொல்வது?

மார்ச் 12, புதன்

ஆஸ்பத்திரி. வழக்கம்போல அம்மாவும். பதினாறு வயதில் மூட்டுவாதம் வந்ததிலிருந்து டாக்டர் அறையில் பேசுவது அம்மாதான். அவர் என்னைக் கேட்பார், அம்மா பதில் சொல்வாள். வெளியே வந்ததும் எனக்கு எது தெரியவேண்டும் என்று அவளே சலித்துத் தருவாள். கல்யாணமானதைக்கூட டாக்டரிடம் சொல்லவில்லை. "அது நம்ம வீட்டு விஷயம். அவருக்கு எதுக்கு?"

"ராத்திரி தூக்கம் எப்படி?"

"நல்லா தூங்குறா டாக்டர்."

என் படுக்கையறை நிலவரம் அம்மாவுக்கு எப்படித் தெரியுமோ! கேட்க நினைத்ததை இந்தமுறையும் விழுங்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 19, புதன்

நாள் தள்ளிப்போயிருக்கிறது.

மார்ச் 22, சனி

அவரிடம் சொன்னேன். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. எந்தெந்த மாத்திரையைத் தொடரலாம் என்று டாக்டரிடம் கேட்டுவரத் தனியாகவே போனேன்.

டாக்டர் என் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்தார். "வாரம் ஒரு தடவை போடுற மாத்திரை இருக்கே, அது கருவுக்கு ஆகாதும்மா. கல்யாணப் பேச்சு வந்தாலே என்கிட்ட கூட்டிட்டு வாங்கன்னு அம்மாகிட்ட அப்பவே சொன்னேனே."

அம்மாவிடம். அம்மாவிடம்! உடம்பு யாருடையது? மாத்திரையை விழுங்குவது யார்?

அதை உடனே நிறுத்தச் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். முடிவு திங்களன்று. எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்றே தெரியவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

போனில் அம்மாவிடம் கத்தினேன். "ஏம்மா சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

அழுதாள். "கல்யாணமாகாத பொண்ணுகிட்ட அதையெல்லாம் எந்த வாயால சொல்றது? அப்புறம் சொல்லலாம், சொல்லலாம்னு... எனக்கு வாயே வரலடி."

வைத்துவிட்டேன். ஐயோ, எனக்கு மட்டும் வந்துச்சா? நானும்தானே வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 24, திங்கள்

கரு இல்லை. உடம்பு அலுப்பில் நாள் தள்ளிப்போனதுதானாம்.

அப்பாடா என்றுதான் முதலில் வந்தது. அப்புறம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இல்லாத ஒன்றுக்கு அழுவேனா? அழுதேன். அவர் கதவைத் தட்டவில்லை. வெளியே வந்தபோது அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரல் 9, புதன்

ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் வந்தாள். "நீ வெளிய இரும்மா" என்றேன். பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அவரும் நானும் உள்ளே போனோம். இந்தமுறை நான்தான் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டேன். டாக்டர் காய்ச்சலைப் பற்றிப் பேசுவதுபோல் சாதாரணமாகச் சொன்னார் — கருத்தடைக்கு என்ன வழி, குழந்தை வேண்டுமென்றால் எவ்வளவு முன்னால் மருந்தை மாற்றவேண்டும், இடுப்புக்கு அடியில் எப்படித் தலையணை வைப்பது, எந்தப் பொழுதில் மூட்டு இறுக்கம் குறைவாக இருக்கும். என் வீட்டுக்காரருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஆனாலும் தலையணை விஷயத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

அவர் மருந்து வாங்கப் போனதும் அம்மா கேட்டாள், "என்னடி சொன்னாரு?"

சொல்லாமல் பழிவாங்கலாம் என்று இருந்தேன். முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன், தலையணை உட்பட. எங்களுக்குள் இதுவரை புழங்காத வார்த்தைகள். அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"உங்கப்பா இருந்தவரைக்கும் எனக்கும் வலிதான்" என்றாள் மெதுவாக. "இதையெல்லாம் டாக்டர்கிட்ட கேக்கலாமாடி?"