செல்லியின் புள்ளி

ஜூலை 8, செவ்வாய்
காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. டெக்சாஸில் இந்த ரவுண்ட் ராக்கில் மழை என்று போனில் காட்டியது, எல்லாம் பொய். வாங்க வேண்டியது: பால், கொத்தமல்லி, டிஷ்யூ. இவர் டென்வரிலிருந்து இந்த வாரமும் வரவில்லை. ப்ராஜெக்டாம்.

செல்லியின் புள்ளி நேற்றிலிருந்து அதே இடத்தில். ஆப்பிரிக்காவில் முதுகில் டிரான்ஸ்மிட்டர் கட்டிவிட்ட பிணந்தின்னிக் கழுகு. வெண்முதுகு வகை. மேப்பில் பார்த்து, அசையாவிட்டால் அங்கே உள்ள வனக்காவலர்களுக்குச் சொல்வது என் வேலை. சம்பளம் கிடையாது, வேலைக்குப் போக முடியாத என் விசாவுக்கு வேறு என்ன செய்ய? அவர்களுக்கு அது ஒரு நம்பர். செல்லி நான் வைத்த பெயர்.

மெயில் போட்டாச்சு. யானையைக் கொல்கிறவன்கள், மேலே கழுகு வட்டமிட்டால் காவலர்களிடம் மாட்டிக்கொள்வோம் என்று பிணத்திலேயே விஷம் வைக்கிறான்கள். பாவிகள். அதுவாக இருக்கக் கூடாது.

ஜூலை 9, புதன்
பதில் இல்லை. புள்ளி அசையவில்லை. சோறு இறங்கவில்லை, தயிர் மட்டும்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி, மகள் பிரசவத்துக்கு மதுரையிலிருந்து வந்தவர், வானத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கருடன்மா! மூணு! நீயும் கும்பிட்டுக்க."

கருடனா? இந்த ஊர்ப் பிணந்தின்னி. ரோட்டில் மான் ஏதாவது அடிபட்டிருக்கும். சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "ஆமா ஆன்ட்டி" என்றேன். இன்று நேரில் பேசியது அவ்வளவுதான்.

ஜூலை 10, வியாழன்
அசைந்துவிட்டது! செல்லி வடக்கே போகிறாள்! தனியாகக் கை தட்டினேன், பைத்தியம் மாதிரி. உடனே இவருக்குப் போன்.

"செல்லி பறக்குதுங்க!"

"யாரு?"

"என் கழுகு."

ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

"ஏய், இது ரோடு மேலயே போகுதே. டர்ன் கூட ரோடு மாதிரியே எடுக்குது. கழுகு இப்படியா பறக்கும்?"

அப்போதுதான் உறைத்தது. செத்த செல்லியின் டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி ஜீப்பில் எடுத்துப் போகிறார்கள்.

"மீட்டிங் இருக்கு. அப்புறம் கூப்பிடறேன்" என்றார்.

சாயந்திரம் மெயில். செல்லியோடு இன்னும் நிறையக் கழுகுகள் செத்துக் கிடந்தனவாம். வேறு பறவை இறங்காமலிருக்க, விஷம் வைத்த யானைப் பிணத்தை எரித்துவிட்டார்களாம். சீக்கிரம் சொன்னதற்கு நன்றியாம். நன்றி யாருக்கு வேண்டும்? அழுகைதான் வந்தது.

ஜூலை 11, வெள்ளி
இவர் கூப்பிடவில்லை. டிஷ்யூ வாங்க மறந்தாச்சு.

குப்பைத் தொட்டியை வெளியே தள்ளிக்கொண்டு போனேன். மேலே ஒற்றைக் கழுகு. ஆன்ட்டி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தெருவில் ஒருத்தரும் இல்லை. தொட்டியை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.