ஓட்டாத பன்னிரண்டு மணி

காரைக்குடி
9-8-1968

வருங்கால வானமண்டலாதிபதி, என் மாப்பிள்ளை, சிரஞ்சீவி கோட்டைச்சாமிக்கு மாமன் சின்னக்கருப்பன் ஆசி கூறி எழுதுவது. இங்கே உன் ஆத்தா, நான், உன் அத்தை அம்மாக்கண்ணு, முட்டுகிற பசு, முட்டாத பசு அனைவரும் சுகம். தரையில் உன் சுகத்துக்கும் ஆகாயத்தில் உன் சுகத்துக்கும் தனித்தனியாக எழுதவும்.

முதலில் என் சந்தேகங்களைத் தீர்த்து வை, இவை தீராமல் எனக்குச் சோறு இறங்கவில்லை, நேற்று ஏழு தோசைதான் சாப்பிட்டேன். உன் விமானத்துக்குப் புஷ்பக் என்று பேர் என்கிறாய். ராவணன் வைத்திருந்த புஷ்பகத்தில் எத்தனை பேர் ஏறினாலும் இன்னொருவருக்கு இடம் இருக்குமாம், உன்னுடையதில் இரண்டே பேர்தானாமே, பேர் வைத்தவர் அளந்து பார்த்தாரா? இருநூற்றைம்பது மணி ஓட்டினால் கமர்ஷியல் லைசென்ஸ், அப்புறம் விமானக் கம்பெனி பரீட்சை வைத்து, நேரில் கூப்பிட்டுப் பேசி, தேறினால் பெரிய டகோட்டா விமானத்தில் வலது பக்கத்து நாற்காலியில் கோ-பைலட்டாக உட்கார வைப்பார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வலது பக்கத்துக்காரனுக்கும் தனியாக ஸ்டியரிங் உண்டா, இல்லை, டிக்கெட் கிழிக்கிற வேலையா? பஸ் ஸ்டாண்டில் இதைப் பற்றிப் பெரிய கட்சியே பிரிந்து கிடக்கிறது. நான் உண்டு என்ற கட்சிக்குத் தலைவன், ஆகவே உண்டு என்றே எழுதவும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முன் கண்ணாடியைத் திரை போட்டு மறைத்துவிட்டு, எதிரே இருக்கிற கருவிகளின் முள்ளை மட்டும் பார்த்து ஓட்டச் சொன்ன சோதனையில் நீ தோற்றதும், நூற்றெழுபத்தெட்டு மணியோடு நிறுத்திக்கொண்டு ஊருக்கு வருவதாகவும், பஸ் கம்பெனியில் டைம் கீப்பர் வேலை பார்த்து வைக்கும்படியும் எழுதிய உன் கடிதம் கிடைத்தது. அதை உன் ஆத்தாவிடம் அப்படியே வாசிக்க எனக்கு நாக்கு எழவில்லை. எழுத்து அறியாத அக்கா எதிரே உட்கார்ந்து, இந்தத் தடவை எம்புட்டு மணிடா என்று கேட்டாள். பன்னிரண்டு என்று சொல்லிவிட்டேன்.

அவள் ஏன் மணி கேட்கிறாள் என்பது உனக்குத் தெரியாது. நீ சேர்ந்த புதிதில் இருநூற்றைம்பது மணி ஆக வேண்டும் என்று எழுதினாய் அல்லவா, அக்கா அதை வெண்கல மணி என்று எடுத்துக்கொண்டாள், சர்க்கார் கேட்டிருக்கிறது, ஐயனாருக்குக் கட்டி முடித்தால்தான் பிள்ளைக்கு லைசென்ஸ் என்று. நான் திருத்தியிருக்கலாம், திருத்தவில்லை. அதுவரை ஆகாயத்தைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டிருந்தவள், கட்டுவதற்கு மணி கிடைத்த அன்றோடு அழுகையை நிறுத்திவிட்டாள். நீ ஓட்டிய ஒவ்வொரு மணிக்கும் ஆட்டுக் கழுத்தில் கட்டுகிற மணி ஒன்று, நூற்றெழுபத்தெட்டும் கோயில் ஆலமரத்தில் தொங்குகின்றன. ஆடிக் காற்றில் அந்தச் சத்தம் கேட்டுத் தேவகோட்டை வரை பள்ளிக்கூடங்களை மதியமே விட்டுவிடுகிறார்களாம். நான் சொன்ன பன்னிரண்டையும் போன வெள்ளிக்கிழமை, என்னையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கட்டினாள்.

வண்டி திரும்புகிற வழியில், யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன பழைய ஓடுதளம் வந்தது. கண்ணை மறைத்தால் உடம்பு பொய் சொல்லும், சாய்ந்தாலும் நேராக இருப்பதாகச் சாதிக்கும் என்று எழுதியிருந்தாயே, அதைச் சோதிக்காமல் விட்டால் நான் எதற்கு மாமன்? துண்டைக் கண்ணை மறைத்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன், வண்டிக்கார மருதுவை அவன் இஷ்டத்துக்கு மெதுவாக ஓட்டச் சொன்னேன், வண்டி அம்பு மாதிரி நேராகப் போகிறது என்று முருகன் மேல் சத்தியம் செய்தேன். துண்டை அவிழ்த்தால் கிளம்பின இடத்திலேயே நிற்கிறேன். கெளம்பும்போது மூஞ்சியில அடிச்ச வெயிலு நடுவுல முதுகுலயில்ல அடிச்சுது, அதுகூடவா தெரியல, அம்புட்டு அழகா வட்டம் அடிச்சும் நேரா போறோம்கிறீக என்றான் மருது. உண்மைதான், வெயில் என்கிற முள் சரியாகவே காட்டியது, நம்பாதவன் நான். அக்கா சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது. அந்தக் குஷியில் என் வாய் சும்மா இருக்கவில்லை, இதுலதான் அக்கா நம்ம பயலும் தோத்தான் என்று உளறிவிட்டேன்.

சிரிப்பு நின்றது. தோத்தானா, பன்னெண்டு மணி ஓட்டுனான்னு வாசிச்சியேடா என்றாள். இரண்டு நாள் எனக்குச் சோற்றைத் தட்டில் போட்ட சத்தம் இருக்கிறதே, நூற்றுத்தொண்ணூறு மணியும் தோற்றது. மூன்றாம் நாள் அவள் முன் போய் நின்று, மணி என்றால் வெண்கலம் இல்லை, நேரம் என்பதையும், நீ திரும்பி வர நினைப்பதையும் சேர்த்து ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அந்தப் பன்னிரண்டையும் நானே போய் அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அதற்கு உன் ஆத்தா சொன்னதை ஒரு எழுத்தும் கூட்டாமல் எழுதுகிறேன், என் ஆயுளில் முதல் தடவை. நேரமா இருந்தா என்ன, வெங்கலமா இருந்தா என்ன, எண்ணிக்கை ஒண்ணுதான். சாமிக்குக் கட்டுனத அவுக்க நீ யாருடா? ஓட்டாத மணி அங்குட்டுத் தொங்குது, அவனை ஓட்டச் சொல்லு. பன்னெண்டும் ஓட்டிட்டு, அப்பவும் புடிக்கலேன்னா வரட்டும், சோறு போடுறேன். மேக்கொண்டு கட்டவா வேணாமான்னு அவனே எழுதட்டும்.

டைம் கீப்பர் வேலை காலியாகத்தான் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. மறு சோதனை இருபத்தாறாம் தேதி என்று எழுதியிருந்தாய். நான் தடம் மாறினால் மருது இருந்தான், உனக்கு முள்தான் மருது, அது சொல்கிறபடி கேள். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. ஐயனார் உனக்கு முன்னே குதிரையில் போய் மேகத்தை விலக்கி வைப்பார், உன் அப்பன் இருந்து செய்ய வேண்டிய ஆசீர்வாதத்தையும் சேர்த்து நானே செய்கிறேன். பதிலில் உள்ளதை உள்ளபடி எழுது, ஏனென்றால் இனி உன் கடிதங்களை வாசிக்கப்போவது அடுத்த வீட்டு அகிலாண்டேஸ்வரி டீச்சர். நான் எட்டி நின்று கேட்டுக்கொள்ள மட்டும் அனுமதி கிடைத்திருக்கிறது.

இப்படிக்கு,
வாசிக்கும் பதவி பறிபோன உன் மாமன்,
சின்னக்கருப்பன்