காலியா விட்ட பத்தி

ஏங்க,

ஹால் டிக்கெட் எடுத்துக்கினு வந்ததும் சாப்புடுங்க. களி மூடி வச்சிருக்கேன்.

நாளைப் பரீட்சைக்கு நீங்க எழுதிப் பார்த்த கட்டுரையைப் படிச்சேன். ‘காட்டைக் காக்க மலை சனங்களைக் கீழே இறக்கணும்’னு மொதல் பத்தியிலயே அடிச்சிச் சொல்லிட்டீங்க. மூணு காரணமும் பலமா இருக்குது. எனக்கே நம்பத் தோணுச்சி, பயமாவும் இருந்துச்சி. மறுத்துப் பேசறவங்க இன்னா சொல்லுவாங்கன்ற பத்தி மட்டும் காலியா கெடக்குது. நேத்து அதைக் கேட்டதுக்கு, “மார்க்குக்குத்தான்டி எழுதறேன்”னு கத்தனீங்க.

நம்ம சாமைக் கொல்லையில ஃபாரஸ்ட்டு ஜீப்புல யாரோ வந்து அளந்து கல்லு நடறாங்களாம். தடுக்கப் போறேன். புள்ளை பக்கத்து வூட்டு குஞ்சம்மாகிட்ட இருக்குது.

சாலம்மா

பொழுது சாயறதுக்குள்ள நான் வரலேன்னா கரியாலூர் போலீசு டேசன்ல கேளுங்க. பரீட்சையை மட்டும் வுட்டுடாதீங்க.

இதை எழுதறப்பவே இன்னொரு ஜீப்பு மேல போவுது.