புத்தர் வாங்காத சூடம்

மார்ச் 8, சனி. காலை 7.40. போல்ட் 38.

இப்போதே வெயில் சுள்ளென்று. திருவேங்கடம் காற்றாலையில் ஒரு டவரின் 38 போல்ட்டும் லூஸ். முறுக்கிச் சரிபார்த்ததாக லாக் புக்கில் என் கையெழுத்து. நான் போட்டதல்ல. போட்டது சூப்பர்வைசர் சித்திரைவேல். வேலை போனது எனக்கு.

போனில் நேராகவே கேட்டேன்.

"நீதாம்லே போட்ட."

அப்படியென்றால் அம்மன் சந்நிதியில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணுங்கள் என்றேன். அதற்கு அவர், "அங்கன கூட்டமா இருக்கும். புத்தர் கோபுரத்துக்கு வா, அங்கன பண்ணுதேன்."

சாமி எதுவானால் என்ன, சரி என்றேன். மடையன் நான்.

வாங்க: சூடம் 1 பாக்கெட், தீப்பெட்டி, பைக்குக்கு செயின் ஆயில்.

மார்ச் 9, ஞாயிறு.

இத்தனை வருஷம் புத்தர் கோபுரத்தைப் பைக்கில் தாண்டிப் போனதோடு சரி. இன்றுதான் உள்ளே. வெள்ளைக் கோபுரம், நாலு பக்கமும் பொன்னிறப் புத்தர். செருப்பை வெளியே விட்டேன். கல் சுட்டது. வலமாக மூன்று சுற்று. போனை அணைத்து வைத்தேன். மரியாதையில் குறை இல்லை. மனசு மட்டும் அடங்கவில்லை. அது புத்தர் தப்பில்லை.

9.10க்கு சித்திரைவேல் வந்தார். சூடப் பாக்கெட்டை எடுத்தேன். பெருக்கிக்கொண்டிருந்த அக்கா தடுத்தார்.

"இங்கன சூடம் ஏத்தக் கூடாது தம்பி. சத்தியமும் கிடையாது. இவரு யாரையும் தண்டிக்க மாட்டாரு."

சித்திரைவேலுக்குச் சிரிப்பு. "கேட்டியாலே? வாயால சொல்லிருதேன். நான் போடல."

தண்ணீர் குடிப்பது மாதிரி சொன்னார்.

"அண்ணாச்சி, அம்மன் கோயில் பைக்ல பக்கம்தான். வாரீயளா?"

சிரிப்பு நின்றது. "ஏலே, அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்."

அக்கா துடைப்பத்தை நிறுத்தினார். "பொய் சொல்லலன்னா பொண்ணுக்கு என்னய்யா ஆவப்போவுது?"

சித்திரைவேல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 10, திங்கள். காற்று பலம். காற்றாலை எல்லாம் சுற்றுகிறது, நான் இல்லாமல்.

ராத்திரி முழுக்க யோசித்து ஒன்று பிடிபட்டது. கையெழுத்து விழுந்த தேதியில் போல்ட்டை அளவாக முறுக்கும் எங்கள் டார்க் ரெஞ்ச் சைட்டிலேயே இல்லை. அளவு சரிபார்க்க, காலிபிரேஷனுக்குக் கோவை போயிருந்தது. ரெஞ்ச் இல்லாமல் எவன் முறுக்கினான்?

இனி:

1. கூரியர் ஆபீஸில் ரெஞ்ச் போன சீட்டின் நகல்.
2. அதையும் போனில் எடுத்து வைத்த லாக் புக் போட்டோவையும் மேனேஜருக்கும் அவருக்கு மேலே உள்ளவருக்கும்.
3. அக்காவிடம் போய் மன்னிப்பு. அந்த இடத்துக்கு இதைக் கொண்டுபோயிருக்கக் கூடாது.
4. சித்திரைவேல் மகள் கல்யாணம். பத்திரிகை வராது, போவேன். பெண்ணை வாழ்த்திவிட்டு, பிரிக்காத சூடப் பாக்கெட்டை அவர் கையில் கொடுப்பேன்.